கடைசி வீட்டுக்குச் சேதி சேரும் நேரம்: குமரி மாவட்டத்தின் பேரிடர் ஏற்பாடு, ஓர் எளிய விளக்கம்

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ நான்கு லட்சம் லிட்டர் விழுந்திருக்கும். பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காடு முழுவதும் இப்படிப் பெய்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீர் கடலைச் சேர நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை. மலை, ரப்பர்த் தோட்டம், வயல், தென்னந்தோப்பு, கடற்கரை எல்லாம் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடும் மாவட்டம் இது. போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே உண்டு.

பேரிடர் மேலாண்மை என்ற பெரிய சொல்லுக்குள் இருப்பது ஒரு சின்னக் கேள்விதான். ஆபத்து தெரிந்த நேரத்துக்கும் அது வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? அதற்குள் சேதி கடைசி வீட்டுக்கும் கடைசி வள்ளத்துக்கும் போய்விடுமா? அரசு அலுவலகங்கள் ஆண்டு முழுக்கச் செய்யும் ஏற்பாடுகளை இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும்.

எந்த ஆபத்துக்கு எவ்வளவு நேரம்?

அணை வெள்ளம் சில மணி நேரம் தரும். சுனாமி, அது பிறக்கும் இடத்தைப் பொறுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குப் பூமி அதிர்ந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளுக்கு அலை வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. மூன்று மணி நேரம் என்பது ஒரு கடற்கரை ஊரையே காலிசெய்யப் போதுமானது. ஆனால் அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை மையம் என்று ஒன்று இல்லை. 2007-ல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் சேவை நிறுவனத்தில் அது தொடங்கப்பட்டது. இன்று கடலடி நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களில் முதல் அறிக்கை வந்துவிடுகிறது.

கள்ளக்கடல் இன்னொரு வகை. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே காற்று இருக்காது, வானம் வெளுத்திருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். எதிர்பாராமல் வருவதால்தான் மீனவர்கள் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இன்காய்ஸ் இதை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எச்சரிக்கை வருவது ஒரு வேலை. கடற்கரைக்குப் போகும் பாதையில் கயிறு கட்டி, ஆள் நிறுத்தி, வெளியூரிலிருந்து வந்தவரைத் திருப்பி அனுப்புவது வேறு வேலை. வெயில் அடிக்கும் நாளில் "கடலுக்குப் போகாதே" என்றால் சுற்றுலா வந்தவர் நம்பமாட்டார். அதனால் கள்ளக்கடலுக்குப் பலகை மட்டும் போதாது.

எல்லாவற்றிலும் கடினமானது ஒக்கி போன்ற புயல். 2017 நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஒரே நாள்தான். வங்கக் கடலில் உருவாகிச் சென்னையை நோக்கி நாலைந்து நாள் நகரும் புயலுக்குப் பழகிய ஏற்பாடுகள் இதற்குப் பொருந்தவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஊர்களிலிருந்து தங்குகடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பி, கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். படகில் இருக்கும் விஎச்எஃப் வானொலிக் கருவி நேர்கோட்டில்தான் பேசும். பூமியின் வளைவு காரணமாகச் சில பத்து கடல்மைலுக்கு அப்பால் அது கேட்காது. கரையில் சேதி இருந்தும் படகுக்குச் சேதி இல்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகளுக்கு வரத் தொடங்கின. கருவி வந்தாலும் வேலை முடிவதில்லை. படகின் பேட்டரியிலிருந்து வரும் ஒயர் உப்புக்காற்றில் அரித்துப்போனால் அது வெறும் பெட்டி. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பது அவசியம்.

யார் பொறுப்பு?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட அளவில் தலைமைப் பொறுப்பு ஆட்சியருக்கு. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத்தலைவர். மாவட்டத்துக்கென்று ஒரு திட்டம் எழுதி, ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும் என்பது சட்டக் கட்டளை. அவசரத்தில் லாரி, படகு, கட்டடம் எதையும் எடுத்துக்கொள்ளவும் (இழப்பீடு உண்டு), டெண்டர் இல்லாமல் பொருள் வாங்கவும் இதே சட்டம் வழி வைத்திருக்கிறது. பொய்யான எச்சரிக்கை பரப்புவோருக்கு ஓராண்டு வரை சிறை. வாட்ஸ்அப்பில் "அணை உடைந்தது" என்று அனுப்புகிறவர்கள் இந்தப் பிரிவை அறிந்திருப்பது நல்லது.

ஆட்சியருக்குக் கீழே நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு வருவாய்க் கோட்டங்கள். பிறகு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டார் என ஆறு தாலுகாக்கள். தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர் என்று ஏணி இறங்குகிறது. உள்ளாட்சிக்கு இன்னொரு ஏணி: நாகர்கோவில் மாநகராட்சி, நகராட்சிகள், பேரூராட்சிகள், ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள், அவற்றின் கீழ் கிராம ஊராட்சிகள். மக்களை இடம் மாற்றுவது, முகாம், நிவாரணம் எல்லாம் வருவாய்த் துறை. வடிகால், குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் உள்ளாட்சி. அணையும் ஆறும் சானலும் நீர்வளத் துறை. விழுந்த கம்பம் மின்வாரியம்.

இந்தப் பிரிவினையில்தான் ஒரு பழைய சிக்கல் ஒளிந்திருக்கிறது. சாலைக்கு மேற்கே உள்ள ஓடை பேரூராட்சியுடையது என்று வையுங்கள். சாலைக்கு அடியில் உள்ள கலுங்கு (சிறுபாலம்) நெடுஞ்சாலைத் துறையுடையது. கிழக்கே சேரும் சானல் நீர்வளத் துறையுடையது. மூவரும் தங்கள் பங்கைத் தூர்வாரினாலும் வெவ்வேறு மாதத்தில் வாரினால் மேலே வாரிய சேறு முதல் மழையிலேயே நடுவில் உள்ள கலுங்கில் போய் அடைக்கும். மழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் உருப்படியாகச் செய்ய வேண்டியது, ஒவ்வொரு ஓடையையும் தலையிலிருந்து வால்வரை மூன்று துறையினரும் ஒரே நாளில் சேர்ந்து நடந்து பார்ப்பது. வால் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருவதே சரியான வரிசை.

மழைக்கு முன்

தமிழ்நாட்டில் தாழ்வான இடங்களை முன்பு நின்ற தண்ணீரின் உயரத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். ஐந்து அடிக்கு மேல் நின்றால் மிக அதிகப் பாதிப்பு, மூன்று முதல் ஐந்து அடி அதிகப் பாதிப்பு, இரண்டு முதல் மூன்று மிதமான பாதிப்பு, அதற்குக் கீழே குறைந்த பாதிப்பு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொறுப்பு அலுவலர், ஒரு முகாம் கட்டடம், உள்ளூரில் முதல்நிலை மீட்பாளர்கள் என்று எழுதி வைப்பார்கள். நீந்தத் தெரிந்தவர், பாம்பு பிடிப்பவர், மரம் அறுப்பவர், கால்நடை பார்ப்பவர் எல்லோரும் அதில் வருவார்கள். இந்தப் பட்டியல் கெட்டுப்போகும் விதம் எப்போதும் ஒன்றுதான்: தொலைபேசி எண் மாறியிருக்கும், அல்லது ஆள் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பார். குமரியில் இரண்டாவது அடிக்கடி நடக்கும். ஆண்டுக்கு இரு முறை, இரண்டு பருவமழைக்கும் முன்னால், பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் அழைத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

கூடவே ஒரு கருவிப் பட்டியலும் வேண்டும். ஜேசிபி யாரிடம், மர அறுப்பு இயந்திரம் யாரிடம், ஓட்டுபவர் யார், அவர் வீடு வெள்ளத்தில் துண்டிக்கப்படாத பக்கம் இருக்கிறதா? இந்த மாவட்டத்தில் காற்றடித்தால் முதலில் விழுவது ரப்பரும் வாழையும் சாலையோர மரங்களும். ஒக்கியின்போது ஆம்புலன்ஸை மறித்ததும் மின்கம்பங்களை இழுத்து விழுத்தியதும் மரங்கள்தான். ஒவ்வொரு தாலுகாவிலும் மர அறுப்பு இயந்திரங்கள் எரிபொருளோடும் மாற்றுச் சங்கிலியோடும் இருக்க வேண்டும். சங்கிலி மழுங்கினால் அரை மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுக்கும்.

ஜெனரேட்டர் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. 25 கேவிஏ ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். மூன்று நாள் ஓட 400 லிட்டர் வேண்டும். மின்சாரம் போனால் பெட்ரோல் பங்கும் நிற்கும், ஆகவே டீசல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை சுமை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது சோதனை ஆகாது. கூட்டுக் குடிநீர்த் திட்ட மோட்டார்களுக்கும் கைபேசிக் கோபுரங்களுக்கும் இது மிக முக்கியம். கோபுரம் செத்தால் கட்டுப்பாட்டு அறைக்குக் கண்ணும் காதும் போகும்.

மணல் மூட்டையைச் சாக்கு நிறையக் கட்டுகிறார்கள், அது தவறு. பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் அடுக்குவதுபோல் மூட்டு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அமர்த்த வேண்டும். இறுக நிரப்பிய மூட்டை உருண்டையாக நிற்கும், நடுவில் உள்ள சந்து வழியே தண்ணீர் வரும்.

கடற்கரையில் பொழிமுகங்களை, அதாவது ஆறு கடலில் சேரும் வாய்களை, கவனிக்க வேண்டும். கடல் கொண்டுவந்து கொட்டும் மணல் பொழியை அடைத்திருந்தால் மலையிலிருந்து வரும் வெள்ளம் வெளியேற வழியில்லாமல் பின்னோக்கி ஏறி வீடுகளுக்குள் புகும். மழைக்கு முன் பொழியை வெட்டிவிட வேண்டும். ரொம்ப முன்னதாக வெட்டினால் கடல் மறுபடி மூடிவிடும், தாமதித்தால் இயந்திரம் இறங்க முடியாது. இதில் அந்தந்த ஊர் மீனவர் சொல்லும் நாளே நம்பத்தக்கது.

அணை

அணைகளின் முழு நீர்மட்டம்: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18 அடி. இவை கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் சாகுபடிக்காகக் கட்டியவை. ஜூன் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி இறுதிவரை பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். விவசாயிக்கு அணை நிறைந்திருக்க வேண்டும், கரையோர வீட்டுக்காரருக்கு அணையில் இடம் காலியாக இருக்க வேண்டும். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். நிறையும்வரை காத்திருந்து ஒரேயடியாகத் திறப்பதைவிட, கனமழை அறிவிப்பு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இடம் பண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. ஆகவே முழுக் கொள்ளளவுக்குச் சில அடிகள் கீழே இருக்கும்போதே முதல் வெள்ள எச்சரிக்கை வருகிறது.

அறிவிப்பில் "வினாடிக்கு 1,000 கன அடி உபரி நீர்" என்று வந்தால் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரு கன அடி 28.3 லிட்டர். எனவே 1,000 கன அடி என்பது வினாடிக்கு 28,000 லிட்டருக்கு மேல், ஒவ்வொரு வினாடியும் இரண்டு பெரிய தண்ணீர் லாரிகளைக் கவிழ்ப்பதுபோல. பேச்சிப்பாறையிலிருந்து விடும் நீர் கோதையாற்றில் திற்பரப்பைத் தாண்டுகிறது, பெருஞ்சாணி நீர் பரளியாற்றில் வருகிறது. திருவட்டாருக்கு அருகே மூவாற்றுமுகத்தில் இரண்டும் சேர்ந்து, தாமிரபரணி என்ற பெயரில் குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. இரண்டு அணையையும் ஒரே நேரத்தில் திறந்தால் வெள்ளம் மூவாற்றுமுகத்துக்குக் கீழேதான் கூடும். எந்த அணையை எப்போது எவ்வளவு திறப்பது என்பதை ஒரே மேசையில் முடிவு செய்வது இதனால்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: நம்முடைய தாமிரபரணியும் நெல்லைத் தாமிரபரணியும் வேறு வேறு. தொலைக்காட்சியில் "தாமிரபரணியில் வெள்ளம்" என்று மட்டும் ஓடினால் குழித்துறையில் வீண் பீதி வரும், அல்லது உண்மையான எச்சரிக்கையை "அது திருநெல்வேலிக்கு" என்று தள்ளிவிடுவார்கள். அறிவிப்பில் ஊர்ப் பெயர்கள் இருக்க வேண்டும்.

மேலே மலையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளை மறக்கக் கூடாது. அணை நீர்ப்பரப்பைப் படகில் கடந்துதான் சில ஊர்களுக்குப் போக முடியும். தரைப்பாலம் மூழ்கினால் இன்னும் சில ஊர்கள் தனித்துவிடும். அங்கே வெள்ள நேரத்தில் ஆளைக் கீழே கொண்டுவர முயல்வதைவிட, முன்னதாகவே ரேஷன் பொருளையும் மருந்தையும் மேலே ஏற்றி வைப்பதும், பிரசவ நாள் நெருங்கியவர்களைக் கீழே அழைத்து வந்து தங்க வைப்பதும் சரி.

எச்சரிக்கை வந்த பிறகு

வானிலைத் துறையின் நிறங்கள்: மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் செயல்படு. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஆரஞ்சு வந்தவுடன் முகாம் கட்டடத்தின் சாவி கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்க வேண்டும். சிவப்பு வந்தபிறகு சாவியைத் தேடுவதற்கு நேரம் இராது.

ஆட்சியர் அலுவலகத்தில் 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறை உண்டு, எண் 1077. வெளிமாவட்டத்திலிருந்து அழைப்போர் 04652 சேர்த்துக்கொள்ளலாம். மாநில அறைக்கு 1070, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554, மாநிலப் போலீசின் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்தில் உள்ள கோயில், குருசடி, பள்ளி என்று ஏதாவது ஓர் அடையாளம், எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை, தண்ணீர் எவ்வளவு உயரம், திரும்ப அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அறையில் இருப்பவர் நேரத்தோடு பதிவேட்டில் எழுதி, யாரிடம் ஒப்படைத்தார், எப்போது முடிந்தது என்றும் எழுத வேண்டும். ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேர் அழைத்து ஐந்து குழு ஒரே இடத்துக்குப் போவது, அடுத்த தெருவுக்கு ஒருவரும் போகாதது, இரண்டும் பதிவேடு சரியில்லாததால் வருபவை.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அருகிலுள்ள பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தள்ளி. முன்கூட்டியே இங்கே வந்து நிற்காவிட்டால் முதல் நாள் அவர்கள் சாலையில்தான் இருப்பார்கள். அந்த முதல் நாளைத் தாங்குவது தீயணைப்பு வீரர்களும், போலீசும், வள்ளம் ஓட்டும் மீனவர்களும், பக்கத்து வீட்டுக்காரர்களும். கடற்கரை ஊர்களில் தேவாலயத்தின் பங்குப் பேரவையும் கோயிலின் ஒலிபெருக்கியும் எந்தக் குறுஞ்செய்தியையும்விட வேகமாக ஆளை எழுப்பும். கரன்ட் போனால் ஒலிபெருக்கியும் ஓயும் என்பதால் பேட்டரியில் இயங்கும் கைமைக் ஒன்று கட்டாயம்.

முகாம்

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு இது: ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் வகுப்பறை 36 சதுர மீட்டர். அப்படியானால் அதில் பத்துப் பேர். நடைமுறையில் அதே அறையில் நாற்பது பேரை அடைத்துவிட்டு "முகாம் தயார்" என்று எழுதுகிறோம். பிறகு மக்கள் ஏன் முகாமுக்கு வர மறுக்கிறார்கள் என்று வியக்கிறோம். பெண்களுக்கும் பருவப் பெண்பிள்ளைகளுக்கும் தனி அறை, வெளிச்சமுள்ள கழிப்பறைப் பாதை, வயதானவர்களுக்கு நாற்காலிக் கழிப்பறை இருந்தால் பாதி மறுப்பு நீங்கும். ஆடு மாடு கட்ட இடம் இருந்தால் மீதியில் பாதியும் நீங்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு: கிணறு

வீட்டுக்கு வீடு கிணறு உள்ள மாவட்டம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்து, சேறு வாரி, ஊறவிட்டு, பிறகு குளோரின் போட வேண்டும். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். இரண்டு மீட்டர் குறுக்களவு, மூன்று மீட்டர் ஆழ நீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஆக இந்தக் கிணற்றுக்குச் சுமார் 24 கிராம். வெள்ள நீர் கலங்கலாக இருந்தால் கலங்கல் குளோரினைத் தின்றுவிடும், கூடுதலாக வேண்டியிருக்கும். எவ்வளவு என்று சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார்.

பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை வேறு வாளியில் ஊற்றி, கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே எடுக்கலாம். ஈரக்காற்றில் திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். கட்டி கட்டியாக, வாடை இல்லாமல் இருந்தால் அதை நம்ப வேண்டாம். காய்ச்சிய நீரைக் குடிப்பது எல்லாவற்றையும்விட உறுதி. சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

நிவாரணம்

பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. உயிரிழப்புக்கு மத்திய விதிப்படி நான்கு லட்சம் ரூபாய். பயிருக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால்தான் கணக்கு. மதிப்பீட்டுக்கு வருமுன் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டால் சான்று போய்விடும், ஆகவே முதலில் நாலாபுறமும் படம் எடுத்து வையுங்கள். கடலில் காணாமல் போனவர் விஷயம் மிகக் கொடியது. உடல் கிடைக்காவிட்டால் சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லும். ஒக்கிக்குப் பிறகு அரசு அந்த விதியைத் தளர்த்தி இழப்பீடு கொடுத்தது. அப்போது குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது, யார், எந்தப் படகில், எந்த நாளில் போனார்கள் என்ற சான்று. கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஆள்பட்டியலை மீன்வளத் துறையிலோ தேவாலயப் பங்கிலோ கொடுத்துவிட்டுப் போவது தேடுவதற்கும் உதவும், வீட்டாருக்கும் உதவும்.

கிராம சபை மே 1-ம் தேதியும் அக்டோபர் 2-ம் தேதியும் கூடுகிறது. ஒன்று தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதம், மற்றது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளை. அன்று கேட்க வேண்டியவை நான்கு: நம் ஊர் முதல்நிலை மீட்பாளர் பட்டியலைக் கடைசியாக யார் எப்போது அழைத்துப் பார்த்தார்கள்? முகாம் கட்டடத்தின் சாவி யாரிடம்? கலுங்கு எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது? படுத்த படுக்கையாய் இருப்போர், டயாலிசிஸ் செய்வோர், மாற்றுத்திறனாளிகள் வீடுகள் யார் கையில் உள்ள தாளில் எழுதியிருக்கின்றன? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.